எலி வெட்டி பேப்பர் எழுதுறது மட்டும் தானா ஆராய்ச்சி? செந்தூல் தம்பிக்கு ஒரு பதில்

மொதல்ல கேள்விய சொல்லிடறேன், புதுசா படிக்கிறவங்களுக்கு. செந்தூல்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. மூத்த மகளுக்கு மெடிசின் கெடைக்கல, பயோமெடிக்கல் படிச்சி முடிச்சிட்டா, இப்ப லேப் டெக்னாலஜிஸ்டா வேலைக்குப் போன்னா போகாம ரிசர்ச் மாஸ்டர்ஸ் பண்றேன், முடிஞ்சா பிஎச்டிங்கறாளாம். "நம்ம ஊரு யூனிவர்சிட்டில அப்படி என்ன பெருசா கண்டுபுடிச்சிட்டாங்க, எலிய வெட்டி பேப்பர் எழுதி பேராசிரியருக்கு பதவி உயர்வு வாங்கிக் குடுக்குறது தானே, ஆராய்ச்சின்னா அமெரிக்கா, ஜப்பான்னு போனாத்தானே மதிப்பு"ன்னு கேக்குறாரு. கடைசில ஒரு வரி சேத்திருக்காரு, வீட்டம்மா சுத்த சைவமாம், எலி விஷயத்த நெனச்சி அவங்களுக்கு ராத்திரி தூக்கமே வர்றதில்லயாம். எலிக்கு கடைசில வர்றேன்.

நான் பேராசிரியர் இல்ல, அத முன்னாடியே சொல்லிடறேன். கோலாலம்பூர்ல ஒரு மெடிக்கல் ஃபேக்கல்டி லேப்ல 31 வருஷம் பெகவாய் சைன்ஸா, அதாவது சயின்ஸ் ஆபீசரா இருந்து கொரோனா வருஷத்துல பென்ஷன் வாங்கினவன். பேராசிரியருங்க கிராண்ட் வாங்குவாங்க, மாணவருங்க தீசிஸ் எழுதுவாங்க, நடுவுல ஃப்ரீஸர் ஓடுதா, மருந்து ஆர்டர் வந்துச்சா, சாம்பிள் பாட்டில்ல பேர் சரியா ஒட்டியிருக்கான்னு பாக்குற ஆளு நான். அந்த இடத்துல இருந்து பாத்தா சில விஷயம் தெளிவா தெரியும், அதத்தான் எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், டீ கலக்கிட்டு வந்து ஒக்காருங்க.

"நம்ம ஊருல என்ன கண்டுபுடிச்சாங்க"ங்கற கேள்விக்கு நான் எப்பவும் புழுங்கல் அரிசில இருந்து தான் ஆரம்பிப்பேன். எங்க பாட்டி ரவாங் பக்கத்துல ஒரு கித்தா தோட்டத்துல, அதாவது ரப்பர் தோட்டத்துல, லயத்துல இருந்தவங்க. பச்சரிசி பொங்கலுக்கும் படையலுக்கும் மட்டும் தான், மத்த நாளெல்லாம் புழுங்கல். பச்சரிசி சோறு தின்னா ஒடம்புக்கு ஆகாதுன்னு சொல்லுவாங்க, ஏன்னு கேட்டா தெரியாது, அவங்க ஆத்தா சொன்னாங்க அவ்ளோ தான். அந்தக் காலத்துல, அதாவது 1900 சுத்தி, இந்த நாட்டுல பெரிபெரின்னு ஒரு வியாதி ஆளுங்கள கொத்து கொத்தா கொன்னுக்கிட்டு இருந்துச்சு. கால் மரத்துப் போகும், இல்லன்னா வீங்கும், கடைசில இருதயம் நின்னுடும். ஈயச் சுரங்கத்துல வேலை செஞ்ச சீனருங்க, ஜெயில்ல இருந்தவங்க, ஆஸ்பத்திரில கெடந்தவங்கன்னு விழுந்துக்கிட்டே இருந்தாங்க. ஆனா தமிழ் கூலிங்களுக்கு மட்டும் அது ரொம்ப அபூர்வம். ஒரே ஊரு, ஒரே வெயிலு, ஒரே கொசு, ஏன் இவங்களுக்கு மட்டும் வரல?

நெகிரி செம்பிலான்ல பிராட்டன்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர் இருந்தாரு, அவரு தான் அரிசியில தான் கோளாறுன்னு அடிச்சி சொன்னது. சீனருங்க தின்னது சயாம்ல இருந்து வந்த பளபளன்னு தீட்டுன வெள்ளரிசி, நம்மாளுங்க தின்னது புழுங்கல். ரொம்ப பேரு நம்பல, கிருமி தான் காரணம், கட்டடம் தான் காரணம்னாங்க. அப்ப ஃபிளெட்சர்னு ஒரு டாக்டரு கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரில ஒரு காரியம் செஞ்சாரு. 1905 டிசம்பர் மாசம் நோயாளிங்க எல்லாரயும் சாப்பாட்டுக் கொட்டாயில வரிசையா நிக்க வச்சி ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணினாங்க. ஒத்தப்படை வந்தவங்க எல்லாம் ஒரு வார்டு, அவங்களுக்கு பழைய சயாம் வெள்ளரிசியே தான். ரெட்டப்படை எல்லாம் எதுத்த வார்டு, அவங்களுக்கு இந்தியாவுல இருந்து வந்த புழுங்கல். மத்த சாப்பாடு எல்லாம் ரெண்டு பேருக்கும் ஒண்ணு தான். பாதி வருஷம் போனதும் இன்னொரு வேலையும் பண்ணாரு, அது தான் எனக்கு ரொம்பப் புடிச்ச எடம், கட்டடத்துல தான் கோளாறுன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு இந்த வார்டு ஆளுங்கள அந்த வார்டுக்கும் அந்த வார்டு ஆளுங்கள இங்கயும் மாத்திப் போட்டாரு, அரிசி மட்டும் அவங்கவங்க கூடவே போச்சு. ஒரு வருஷம் முடிஞ்சி கணக்குப் பாத்தா வெள்ளரிசி தின்ன 120 பேர்ல 43 பேருக்கு பெரிபெரி, 18 பேர் செத்துட்டாங்க. புழுங்கல் தின்ன 123 பேர்ல ரெண்டே பேரு, அந்த ரெண்டு பேரும் உள்ள வரும்போதே வியாதியோட வந்தவங்க. 1907ல இது லண்டன்ல லான்செட் பத்திரிகையில வந்துச்சு.

இன்னிக்கு புது மருந்த டெஸ்ட் பண்ணும்போது பாதி பேருக்கு இது பாதி பேருக்கு அதுன்னு பிரிப்பாங்கல்ல, அந்த யோசனைக்கு ரொம்ப ஆரம்ப கால உதாரணங்கள்ல ஒண்ணு நம்ம கேஎல்ல நடந்தது இது. கூடவே ஒண்ணு சொல்லியாகணும், அந்த நோயாளிங்க கிட்ட யாரும் சம்மதம் கேக்கல. 18 உசுரு. இன்னிக்கு யாராச்சும் அப்படிப் பண்ணினா ஜெயிலு தான், எத்திக்ஸ் கமிட்டின்னு ஒண்ணு இருக்குறதுக்கே இப்படிப்பட்ட பழைய கணக்குங்க தான் காரணம். உங்க மகள் நாளைக்கு அந்த கமிட்டி பாரத்த நிரப்பும்போது திட்டுவா, நானும் திட்டியிருக்கேன், ஆனா அது அங்க ஏன் இருக்குன்னு தெரிஞ்சிக்கிட்டு திட்டட்டும்.

அதுக்கப்புறம் ஃப்ரேசர், ஸ்டாண்டன்னு ரெண்டு பேரு, 1900ல ஆரம்பிச்ச ஐஎம்ஆர்னு சொல்றோமே, ஜாலான் பகாங்ல இருந்த மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அங்க இருந்தவங்க. நெகிரி செம்பிலான்ல டுரியான் திப்புஸ்னு ஒரு எடத்துல ரோடு போட வந்த ஜாவாக்காரங்க 300 பேர் கிட்ட இதயே திரும்ப செஞ்சி காட்டுனாங்க. தீட்டும்போது போற தவிட்டுல தான் ஏதோ இருக்கு, அது இல்லாம போனா வியாதின்னு அவங்க சொன்னாங்க. அந்த ஏதோ ஒண்ணுக்கு பின்னாடி வந்த பேரு தான் வைட்டமின் பி1. நெல்ல ஊற வச்சி அவிக்கும்போது உமிக்கும் தவிட்டுக்கும் கிட்ட இருக்குற அந்த சத்து அரிசிக்குள்ள எறங்கிடுது, அப்புறம் தீட்டினாலும் முழுசா போறதில்ல. பாட்டிக்கு காரணம் தெரியாது, ஆனா பானையில விடை இருந்துச்சு.

தம்பி, இத ஏன் இவ்ளோ இழுக்குறேன்னா, இந்தக் கண்டுபிடிப்பு லண்டன்ல நடந்திருக்கவே முடியாது. அங்க பெரிபெரி நோயாளியும் இவ்ளோ இல்ல, ஒரே ஊர்ல ரெண்டு அரிசி தின்னுற ஆளுங்களும் இல்ல. இங்க இருந்தவன் கண்ணுல தான் அது பட்டுச்சு. எந்த வியாதி எங்க இருக்கோ, எந்தப் பயிரு எங்க விளையுதோ, அங்க இருக்குறவனுக்கு ஒரு சாதகம் இருக்கு, அமெரிக்காவுல எவ்ளோ பெரிய மிஷின் இருந்தாலும் அது அவனுக்குக் கெடையாது. சரி, அது வெள்ளைக்காரன் காலம், இப்ப என்னான்னு கேப்பீங்க. அதுக்குத்தான் வர்றேன்.

நடுவுல சின்னதா ஒண்ணு. 1948ல அமெரிக்க டாக்டருங்க ஒரு குரூப்பு புது மருந்தோட கேஎல் வந்து எறங்குனாங்க, ஸ்மேடல், உட்வர்ட்னு பேரு, கூட ஐஎம்ஆர் ஆளுங்களும் சேந்துக்கிட்டாங்க. மருந்து பேரு குளோராம்பெனிக்கால். லாலான் புல்லுல, செம்பனைத் தோட்டத்துல, அதாவது பாமாயில் மரத் தோட்டத்துல இருக்குற ஒரு குட்டிப் பூச்சி கடிச்சி வர்ற டைபஸ் காய்ச்சலுக்கு அது வேலை செய்யுதான்னு பாக்கத்தான் வந்தாங்க. வேலை செஞ்சிச்சு. ஆனா டைபஸ்னு நெனச்சி மருந்து குடுத்ததுல ரெண்டு பேருக்கு உண்மையில இருந்தது டைபாய்ட், அவங்களும் எழுந்து ஒக்காந்துட்டாங்க. அதுவரைக்கும் டைபாய்டுக்குன்னு நேரா ஒரு மருந்தே கெடையாது. தப்பா டயக்னோஸ் பண்ணதுல கெடச்ச கண்டுபிடிப்பு, அதுவும் இங்க தான்.

இப்ப யூனிவர்சிட்டி கதை. 1998 கடைசில ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணை ஆளுங்களுக்கு மூளைக் காய்ச்சல் வர ஆரம்பிச்சிச்சு, அப்புறம் நெகிரி செம்பிலான்ல புக்கிட் பெலாண்டோக் பக்கம் தீ மாதிரி பரவுச்சு. அரசாங்கம் ஜப்பானிய மூளைக் காய்ச்சல்னு சொல்லிச்சு, ஜேஈ, அது கொசுவால வர்றது, பன்றி கிட்ட இருந்து கொசு எடுத்துட்டு வந்து மனுசனுக்குக் குடுக்கும். அதனால புகை அடிச்சாங்க, தடுப்பூசி போட்டாங்க. ஒண்ணும் நிக்கல. ஒங்களுக்கு ஞாபகம் இருக்கும், அந்த வருஷம் பாசார்ல பன்றி எறச்சிய தொடக்கூட ஆளு இல்ல, எங்க பக்கத்து வீட்டு சீனக் கெழவரு புக்கிட் பெலாண்டோக்ல இருந்து தம்பி குடும்பத்த கூட்டிட்டு வந்து வச்சிருந்தாரு, தெருவே அவங்களப் பாத்து ஒதுங்குச்சு.

அந்த டைம்ல கண்ணத் தொறந்து பாத்தவங்களுக்கு கணக்கு ஒத்து வரல. ஜேஈ ரொம்பவும் சின்னப் புள்ளைங்களத்தான் புடிக்கும், இங்க விழுந்தவங்க பெரிய ஆம்பளைங்க. கொசு ஜாதி மதம் பாத்து கடிக்காது, ஆனா பக்கத்து கம்போங்ல இருந்த மலாய்க்காரங்களுக்கு வரல, பன்றியத் தொட்டு வேலை செஞ்ச சீனருங்களுக்கும் நம்ம ஆளுங்களுக்கும் தான் வந்துச்சு. ஆமா தம்பி, பண்ணையில வேலை செஞ்ச தமிழருங்களும் அதுல இருந்தாங்க, அத யாரும் அதிகம் பேசுறதில்ல. தடுப்பூசி போட்டவனும் விழுந்தான். அதோட ஜேஈல பெரிய பன்றிங்க நோயாளி மாதிரி தெரியவே தெரியாது, இங்க பன்றிங்க குரைக்கிற மாதிரி இருமிக்கிட்டு செத்துச்சுங்க.

மலாயா பல்கலைக்கழகத்துல பேராசிரியர் லாம் சாய் கிட்டோட டிபார்ட்மென்ட்ல சுவா காவ் பிங்னு ஒரு வைராலஜி டாக்டரு இருந்தாரு. நோயாளிங்களோட முதுகுத்தண்டு நீர எடுத்து செல் மேல ஊத்தி வச்சாரு. அஞ்சு நாள்ல செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு பெரிய பெரிய கட்டியா மாறிடுச்சு. ஜேஈ வைரஸ் அப்படிப் பண்ணாது. இங்க பாத்தத உறுதிப்படுத்துறதுக்கு அவரே சாம்பிளத் தூக்கிட்டு 1999 மார்ச் மாசம் அமெரிக்கா போனாரு, அங்க எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாத்தா வேற குடும்பத்து வைரஸ், தட்டம்மை, பொன்னுக்குவீங்கி வர்ற வைரஸோட சொந்தக்காரன். 1994ல ஆஸ்திரேலியாவுல குதிரைங்கள கொன்ன ஹெண்ட்ரா வைரஸுக்கு தம்பி மாதிரி. அப்ப கொசு இல்ல, பன்றியத் தொடுறதுல தான் வருது. அந்த ஒரு விஷயம் தெரிஞ்சதும் எல்லாம் மாறிடுச்சு, புகை அடிக்கிறத விட்டுட்டு ராணுவத்த எறக்கி சுமார் 10 லட்சம் பன்றிய கொன்னாங்க, வியாதியும் நின்னுச்சு. மொத்தம் 265 பேருக்கு வந்து 105 பேர் போயிட்டாங்க. நோயாளி ஒருத்தரோட ஊரு கம்போங் சுங்கை நிப்பா, அதனால தான் நிப்பா வைரஸ். கேரளாவுல 2018ல நிப்பான்னு நியூஸ் வந்தப்ப அது எங்க ஊருப் பேருன்னு எத்தன பேருக்குத் தெரிஞ்சிச்சோ.

அதோட விட்டாங்களா, இல்ல. பன்றிக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு தேடுனாங்க. பழந்தின்னி வவ்வால் மேல சந்தேகம். தியோமான் தீவுல வவ்வால் தொங்குற மரத்துக்குக் கீழ பிளாஸ்டிக் விரிச்சி வச்சி, விடியக் கருக்கல்ல மூத்திரம் சொட்டுறத எடுத்து, அதுல இருந்து வைரஸ வளத்துக் காட்டுனாங்க. ஈப்போ பக்கத்துப் பண்ணையில பன்றிக் கொட்டாய் பக்கத்துலயே மாமரம் நின்னுச்சு, வவ்வால் கடிச்சிப் போட்ட பழம் கீழ விழுந்தா பன்றி திங்கும். அவ்ளோ தான் சங்கிலி. ஆராய்ச்சின்னா வெள்ளக் கோட்டு, கண்ணாடிக் குழாய்னு நெனக்கிறோம், சில நாளு அது விடிகாலையில வவ்வால் மூத்திரத்துக்கு காத்துக்கிட்டு நிக்கிறது தான். நான் அப்ப வேற டிபார்ட்மென்ட்ல இருந்தேன், இதுல எனக்கு ஒரு பங்கும் இல்ல, ஆனா அந்த வருஷத்துல இருந்து எவனாச்சும் லோக்கல் ரிசர்ச்ச கேலி பண்ணினா எனக்குக் கோவம் வரும்.

விவசாயத்துக்கு வர்றேன், தோட்டத்துல பொறந்தவன் அத விட முடியாது. இந்த நாட்டுல செம்பனைய வியாபாரத்துக்குன்னு மொதல்ல நட்டது 1917ல, பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துல, தோட்டத்துப் பேரு தென்னமரம். செம்பனைக்கு ஒரு கொறை இருந்துச்சு, ஆப்பிரிக்காவுல நல்லா காய்க்கிற மரம் இங்க சரியா காய்க்காது. அதனால எங்க பெரியம்மா மாதிரி பொம்பளைங்கள வச்சி ஆண் பூவோட மகரந்தத்த எடுத்து பெண் பூவுல கையால அடிச்சிக்கிட்டு இருந்தாங்க, முள்ளுக்குள்ள கைய விட்டு. எல்லாரும் காத்து தான் மகரந்தத்த சேக்குதுன்னு நம்பிக்கிட்டிருந்தாங்க. டேவிட்சன்னு ஒரு தோட்டத்து தொர, இங்கயும் இருந்து கேமரூன்லயும் இருந்தவரு, அங்க பூவுல மொய்க்கிற சின்ன வண்டப் பாத்துட்டு, இது இங்க இல்லயேன்னு யோசிச்சாரு. சையத்னு பாகிஸ்தான் பூச்சி விஞ்ஞானி ஒருத்தர வச்சி ஆராய்ச்சி பண்ண வச்சாங்க, அந்த வண்டு வேற பயிர அழிக்குமான்னு எல்லாம் சோதிச்சிட்டு, 1981ல குளுவாங் பக்கத்துல ஒரு தோட்டத்துல தான் மொதல்ல விட்டாங்க. கொஞ்ச நாள்ல நாடு பூரா பரவிடுச்சு, கையால அடிக்கிற வேலையே காணாம போச்சு. காய்ப்பு ஏறுச்சு, கம்பெனிக்கு லாபம் கொட்டுச்சு. பெரியம்மாவுக்கு அந்த வேலை போச்சு, அத எந்தப் பேப்பர்லயும் எழுதியிருக்க மாட்டாங்க. இது யூனிவர்சிட்டி ஆராய்ச்சி இல்ல, கம்பெனி காசு, ஆனா பாத்த கண்ணு தோட்டத்துல இருந்த கண்ணு, அதுக்குத்தான் சொன்னேன்.

யூனிவர்சிட்டின்னா விவசாயத்துக்கு செர்டாங் தான். 1931ல விவசாயப் பள்ளிக்கூடமா ஆரம்பிச்சி 1971ல பெர்த்தானியான், அதாவது விவசாய யூனிவர்சிட்டி ஆகி, 1997ல புத்ரான்னு பேர மாத்திக்கிட்டாங்க. பழைய ஆளுங்க இன்னும் பெர்த்தானியான்னு தான் சொல்வோம். பினாங்குல யூஎஸ்எம், யூனிவர்சிட்டி சைன்ஸ் மலேசியா, 1969, அங்க கொசு ஆராய்ச்சிக்குன்னே தனி யூனிட் இருக்கு, தேசிய விஷ மையம் கூட அங்க தான், வீட்டுல புள்ள எதயாச்சும் குடிச்சிட்டா எந்த ஆஸ்பத்திரி டாக்டரும் போன் போட்டுக் கேக்குற எடம். மலாயா மெடிக்கல் ஃபேக்கல்டிய 1963ல இருந்து கட்டி எழுப்புன மொத டீன் யாருன்னு மகள் கிட்ட கேளுங்க, டி.ஜே. தனராஜ், அவரு பேர்ல தான் அங்க மெடிக்கல் லைப்ரரி இருக்கு. படிக்கிற புள்ளைங்களுக்கே தெரியிறதில்ல, உள்ள ஏசி நல்லா இருக்கும்னு மட்டும் தெரியும்.

டெங்கி பத்தி ஒண்ணே ஒண்ணு. ஐஎம்ஆர் ஆளுங்க கிளாஸ்கோ, மெல்பர்ன் யூனிவர்சிட்டிங்களோட சேந்து வோல்பாக்கியான்னு ஒரு பாக்டீரியா ஏத்துன ஏடிஸ் கொசுவ சிலாங்கூர்ல சில குடியிருப்புல 2017ல இருந்து விட்டாங்க, கொசுவ அழிக்காம கொசுவுக்குள்ள வைரஸ் வளராம பண்றது. விட்ட எடத்துல டெங்கி கேஸு சுமார் 40 சதவீதம் கொறஞ்சிச்சின்னு 2019ல பேப்பர் வந்துச்சு. பூச்சோங்ல என் மச்சான் வீட்டுப் பக்கம் அதப் பத்திப் பேசினா, "காசு குடுத்து கொசு வாங்கி விடுறானுங்களா"ன்னு சிரிக்கிறாரு. அவருக்குப் புரிய வைக்கிறதும் ஆராய்ச்சியில பாதி வேலை, அது எந்தக் கோர்ஸ்லயும் சொல்லித் தர்றதில்ல.

இப்ப நீங்க கேட்டதுல பாதி உண்மையும் இருக்கு, அத மறைக்க மாட்டேன். பேப்பருக்காக பேப்பர் எழுதுறது நெறய நடக்குது. பதவி உயர்வுக்கு எண்ணிக்கை தான் பாக்குறாங்க, அதனால ஒரு ஆராய்ச்சிய மூணா வெட்டி மூணு பேப்பரா போடுறவங்களப் பாத்திருக்கேன். ஏதோ ஒரு எலைய ஊற வச்சி சாறெடுத்து எலிக்குக் குடுத்து "சக்கரை கொறஞ்சிச்சு"ன்னு எழுதிட்டு அப்படியே விட்டுட்டு அடுத்த எலைக்குப் போயிடுவாங்க, எந்தச் சத்து வேலை செஞ்சிச்சு, மனுசனுக்கு எவ்ளோ, ஈரலுக்குக் கெடுதலான்னு ஒருத்தரும் பின்னாடி போய்ப் பாக்குறதில்ல. அந்த மாதிரி எடத்துல உங்க மகள் மாட்டிக்கக் கூடாது.

காசு விஷயம். அரசாங்க கிராண்ட்ல, எஃப்ஆர்ஜிஎஸ் மாதிரி, சூப்பர்வைசர் காசு வச்சிருந்தா மாணவருக்கு மாசாமாசம் அலவன்ஸ் வரும், கிராண்ட் முடிஞ்சா அலவன்ஸும் நிக்கும், தீசிஸ் மட்டும் முடிஞ்சிருக்காது. நீங்க சொன்ன மாதிரி டெக்னாலஜிஸ்டா போனா கைக்கு அதிகமா தான் வரும், அதுல ரெண்டு பேச்சில்ல. அதனால சேர்றதுக்கு முன்னாடி மகள் அந்த சூப்பர்வைசர் கிட்ட பேசறதோட நிறுத்தாம அவருகிட்ட இப்ப படிக்கிற புள்ளைங்கள தனியா கேண்டீனுக்குக் கூட்டிட்டுப் போய் கேக்கணும், எத்தன வருஷத்துல முடிக்கிறீங்க, கிராண்ட் இன்னும் எவ்ளோ நாளு இருக்கு, மெசேஜ் போட்டா ஆளு பதில் போடுவாரா, பேப்பர்ல மொத பேரு யாருக்குப் போகும்னு. சூப்பர்வைசர் சிரிச்சிக்கிட்டே எல்லாம் நல்லா இருக்கும்பாரு, புள்ளைங்க மொகத்துல தான் உண்மை தெரியும்.

கஷ்டமும் தெரிஞ்சிருக்கணும். ஒரு தீபாவளி லீவுல எங்க ஃப்ரீஸர், மைனஸ் 80ல ஓடுறது, கம்ப்ரஸர் போயிடுச்சு. அலாரம் அடிச்சிருக்கு, ஆனா கேக்குறதுக்கு கட்டடத்துல ஆளு இல்ல, சர்வீஸ் கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும்னு நான் குடுத்த கடுதாசி ஏதோ ஒரு மேசையில தூங்கிக்கிட்டு இருந்துச்சு. மூணாம் நாளு வந்து கதவத் தொறந்தா தண்ணி ஓடுது. பிஎச்டி கடைசி வருஷத்துல இருந்த ஒரு பொண்ணோட நாலு வருஷ ரத்த சாம்பிள் மொத்தமும் போச்சு. அவ அழல, பேசாம ஒக்காந்து ஒவ்வொரு பாட்டிலா எடுத்து பேரப் படிச்சி படிச்சி குப்பையில போட்டா. அப்புறம் இன்னொரு வருஷம் சாம்பிள் எடுத்து முடிச்சா, இப்ப அவளே நாலு மாணவருக்கு சூப்பர்வைசர், ரெண்டு ஃப்ரீஸர்ல பாதிப் பாதியா பிரிச்சி வைக்காம ஒருத்தரயும் விடமாட்டாளாம்.

நம்ம புள்ளைங்க இதுல இருக்கணும்னு நான் ஆசப்படுறதுக்கு வேற ஒரு காரணம் இருக்கு. சக்கர வியாதிய எடுத்துக்குங்க, 2019ல அரசாங்கம் எடுத்த சுகாதார சர்வேல பெரியவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்கு இருக்கு, இந்தியருங்கள்ல மட்டும் பாத்தா 31.4 சதவீதம், மூணுல ஒருத்தருக்குக் கிட்ட. அதனால சக்கர, சிறுநீரகம் சம்பந்தப்பட்ட எந்த ஆராய்ச்சியா இருந்தாலும் நம்ம அங்கிள், ஆன்ட்டிங்க தான் வார்டுல வரிசையா இருப்பாங்க. அவங்க கிட்ட ஒப்புதல் பாரத்துல கையெழுத்து வாங்கணும், பாரம் மலாயில இருக்கும், இங்கிலீஷ்ல இருக்கும், தமிழ்ல இருந்தா கம்ப்யூட்டர்ல போட்டு மாத்துன தமிழா இருக்கும். ஒரு வாட்டி கிட்னில இருந்து துளி சதை எடுக்குறதுக்கு பாரம், அதுல "உயிர்த்திசுப் பரிசோதனை"ன்னு போட்டிருந்துச்சு. கோலசிலாங்கூர்ல இருந்து வந்த ஒரு ஆன்ட்டி எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டு என்னயப் பாத்து, "ஏன் தம்பி, உசுரு இருக்கா இல்லயான்னு சோதிக்கிறீங்களா?"ன்னு கேட்டாங்க. நான் பக்கத்துல ஒக்காந்து, ஊசியால அரிசி அளவுக்கு சதை எடுப்பாங்க ஆன்ட்டி, ஒரு நாளு படுத்திருக்கணும், ரத்தம் கசியலாம், வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம், வைத்தியத்த நிறுத்த மாட்டாங்கன்னு சொன்னேன். அவங்க யோசிச்சிட்டு வேண்டாம்னுட்டாங்க. டாக்டருக்கு மொகம் கொஞ்சம் வாடுச்சு, எனக்கு அன்னிக்கு வேலைய சரியா செஞ்ச மாதிரி இருந்துச்சு. 1905ல வரிசையில நிக்க வச்சி எண்ணுன ஆளுங்களுக்கு இப்படிப் பக்கத்துல ஒக்காந்து சொல்ல யாரும் இல்ல.

அமெரிக்கா, ஜப்பான் போறது தப்பில்ல, போகட்டும், பிஎச்டிக்கோ அதுக்கு அப்புறமோ போய் நல்ல மிஷின்ல கை பழகிட்டு வரட்டும். மாஸ்டர்ஸ் மட்டும் இங்கயே பண்ணட்டும்னு தான் நான் சொல்லுவேன், இங்க இருக்குற வியாதி எதாச்சும் ஒண்ண எடுத்து. வெளிநாட்டு லேப்ல ஒரு மலேசியா புள்ளைக்கு என்ன மதிப்புன்னா அவ கிட்ட தான் கேள்வி இருக்கும், அவங்க கிட்ட மிஷின் தான் இருக்கும். சுவா காவ் பிங் சாம்பிளோட போன மாதிரி. கைய வீசிக்கிட்டுப் போனா அவங்க கேள்விக்கு நாம கைவேலை செஞ்சிட்டு வரணும், அவ்ளோ தான்.

இப்ப எலி. வீட்டம்மா கிட்ட சொல்லுங்க, எல்லா ஆராய்ச்சியிலயும் எலி கெடையாது. நோயாளிங்க கணக்க வச்சி பண்றது, ஜீன் படிக்கிறது, செல் வளக்குறது, கம்ப்யூட்டர்லயே பண்றதுன்னு நெறய இருக்கு, சேரும்போதே எனக்கு விலங்கு வேல வேண்டாம்னு சொல்லிடலாம், இந்துப் புள்ளைங்க, புத்த மதத்துப் புள்ளைங்க நெறய பேரு சொல்றாங்க, யாரும் தப்பா நெனக்கிறதில்ல. எலி வச்சிருக்குற லேப்லயும் விலங்குக்குன்னு தனி எத்திக்ஸ் கமிட்டி இருக்கு, எத்தன எலி, ஏன் அத்தனன்னு எழுதிக் குடுக்காம ஒண்ணக்கூட தொட முடியாது. செல் வளக்குற வேலைன்னா ஒண்ணே ஒண்ணு, நிப்பாவ கண்டுபுடிச்சது வெரோ செல்லுல, அது 1962ல ஜப்பான்ல ஒரு ஆப்பிரிக்கக் குரங்கோட கிட்னில இருந்து எடுத்தது, இன்னி வரைக்கும் உலகம் பூரா லேப்ல வளந்துக்கிட்டே இருக்கு. அந்த மாதிரி செல்லுங்களுக்கு சாப்பாடா ஊத்துற செவப்புத் தண்ணில பெரும்பாலும் பத்து பர்சென்ட் கன்னுக்குட்டி ரத்தத்துல இருந்து எடுத்த சீரம் இருக்கும். இந்தக் கடைசி வரிய மட்டும் வீட்டம்மாவுக்குப் படிச்சிக் காட்டாதீங்க தம்பி.